முகம் தெரியவில்லையே

"கேமராவ ஆன் பண்ணுங்க."

"ஆன்லதான் இருக்கு மேடம்."

"எங்களுக்கு கருப்பாத்தான் தெரியுது."

இந்த மூன்று வரிகளைப் பேசி முடித்தபோதே அந்த வேலை எனக்கு இல்லை என்று தெரிந்துவிட்டது. நேர்காணலுக்கு 20 நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் 11 நிமிடம் நான் கேமராவோடு மல்லுக்கட்டினேன். "என் குரல் கேக்குதில்ல மேடம், நீங்க கேளுங்க, நான் பதில் சொல்றேன்" என்றேன். முகம் பார்க்காமல் மேற்கொண்டு போக முடியாதாம். "ரெடி ஆனதும் மெயில் போடுங்க" என்று வைத்துவிட்டார்கள். மெயில் போட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

வேலை என்ன தெரியுமா? சப்டைட்டில் திருத்துவது. இன்னொருத்தர் மொழிபெயர்த்து வைத்த வரிகளில் பிழை பார்ப்பது. வீட்டில் உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல், ராத்திரி 2 மணிக்குக்கூடச் செய்யலாம். அதற்கு முகம் எதற்கு என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை.

அந்த 11 நிமிடம் என்ன செய்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். "ஒரு ரீஸ்டார்ட் போட்டா சரியாயிருமே" என்று சொல்லும் அண்ணன்மார்களுக்காகவாவது. முதலில் லென்ஸுக்கு மேலே இருக்கும் குட்டி மூடியைத் தள்ளிப் பார்த்தேன், திறந்துதான் இருந்தது. கீபோர்டில் மேல் வரிசையில் கேமரா படம் போட்ட பட்டனை அழுத்திப் பார்த்தேன். விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசிக்குப் போய் கேமரா அனுமதி இருக்கிறதா என்று பார்த்தேன். அங்கே ஒரு அனுமதி போதாது. மொத்தமாக ஒன்று, ஸ்டோரிலிருந்து வந்த செயலிகளுக்கு ஒன்று, நாமே இறக்கிப் போட்ட செயலிகளுக்குத் தனியாக இன்னொன்று. எல்லாம் சரியாக இருந்தது. மீட்டிங் செயலிக்குள் எந்தக் கேமரா தேர்வாகியிருக்கிறது என்று பார்த்தேன். அதுவும் சரி. கையெல்லாம் வேர்த்துவிட்டது. திரையின் ஓரத்தில் மூன்று பேர் என் கருப்புக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கைப்பேசியில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாகவே தெரிந்தது. அவர் கேமரா வேலை செய்ததே!

காரணத்தை அன்று ராத்திரி தங்கச்சிதான் கண்டுபிடித்தாள். "அண்ணா, லைட் எரியுதே, அப்போ கேமராவ வேற எதுவோ யூஸ் பண்ணிட்டிருக்கு" என்றாள். உண்மைதான். நேர்காணலுக்கு முன்னால் கேமராவைச் சோதித்துக்கொள்ளச் சொல்லி அவர்களே ஒரு இணைப்பு அனுப்பியிருந்தார்கள். பிரவுசரில் திறந்து சோதித்தேன், முகம் தெரிந்தது, நிம்மதியாக அந்த டேபை மூடாமல் விட்டுவிட்டேன். விண்டோஸில் பெரும்பாலும் ஒரு செயலி பிடித்து வைத்திருக்கும் கேமரா இன்னொன்றுக்குக் கிடைக்காது. நேர்காணல் நடந்த நேரம் முழுக்க அந்தப் பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. கேமரா என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஒழுங்காகச் சோதித்த பாவத்துக்குத்தான் இந்த தண்டனை.

என் கோபம் இயந்திரத்தின் மேல் இல்லை. சொல்லப்போனால் அந்த இயந்திரத்துக்கு என் மேல் ஒரு மரியாதை இருக்கிறது. மூடி வைத்திருக்கிறது, விளக்கு வைத்திருக்கிறது, அனுமதி தரவும் மறுக்கவும் வழி வைத்திருக்கிறது. இவனுடைய முகம் இவனைக் கேட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்று யாரோ ஒரு எஞ்சினியர் யோசித்திருக்கிறார். ஒரு எஞ்சினியருக்குத் தோன்றியது ஒரு ஹெச்ஆருக்குத் தோன்றவில்லை. அவர்களுக்குக் கருப்புக் கட்டம் என்றால் ஒன்று பொய்யன், இல்லையென்றால் அக்கறையில்லாதவன். பழுது என்று மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்ற எண்ணமே கிடையாது.

இதில் நமக்கும் பங்கு உண்டு, மறைப்பானேன். 2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்பில் "சார், கேமரா ஒர்க் ஆகல" என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்காதவர் நம்மில் எத்தனை பேர்? நானும் தூங்கியிருக்கிறேன். அந்த வாக்கியத்தை நாம்தான் செல்லாக்காசு ஆக்கினோம். ஆள்மாறாட்டமும் நடக்கிறது. ஒருவன் வாயசைக்க இன்னொருவன் பதில் சொல்லும் நேர்காணல்கள் ஐடி துறையில் ஊரறிந்த சங்கதி. சரி, சந்தேகப்படுங்கள். ஆனால் சந்தேகத்தைத் தீர்க்க வழியா இல்லை? கைப்பேசியில் வீடியோ காலில் வரச் சொல்லலாம். மறுநாள் ஒரு நேரம் கொடுக்கலாம். ஆதார் அட்டையோடு நேரில் வரச் சொன்னால் பஸ் ஏறி வந்திருப்பேனே! இதில் எதையும் செய்யாமல் 11 நிமிடத்தில் கதவைச் சாத்துவதற்குப் பெயர் எச்சரிக்கை இல்லை, சோம்பேறித்தனம்.

உலகத்தின் முதல் வெப்கேமரா எதைப் பார்த்தது என்று தெரியுமா? காபி ஜாடியை. 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில், காபி தீர்ந்துபோனது தெரியாமல் நடந்து வந்து ஏமாறுகிறோமே என்று ஜாடிக்கு எதிரே ஒரு கேமராவை வைத்தார்கள். அதற்கும் முன்னால், 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில், முகம் பார்த்துப் பேசும் தொலைபேசியை ஒரு பெரிய அமெரிக்க நிறுவனம் காட்டியது. 1970இல் பிட்ஸ்பர்க்கில் விற்பனைக்கும் கொண்டுவந்தது. போணியாகவில்லை. விலை அதிகம் என்பது ஒரு காரணம். போனில் பேசும்போது தன்னை அடுத்தவர் பார்ப்பதைப் பலர் விரும்பவில்லை என்பது இன்னொரு காரணம். அன்றைய மனிதர்களுக்கு வேண்டாம் என்று சொல்ல முடிந்தது.

இன்று அப்படிச் சொல்ல நீதிமன்றம்தான் போக வேண்டியிருக்கிறது. 2022இல் நெதர்லாந்தில் ஒருவர் அதைச் செய்தார். அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை பார்த்தவர். நாள் முழுக்கக் கேமராவை ஆன் செய்து வைக்கச் சொன்னார்கள், மறுத்தார், வேலையை விட்டுத் தூக்கினார்கள். அது அவருடைய தனிவாழ்க்கையில் தலையிடுவது என்று டில்பர்க் நீதிமன்றம் சொல்லி, நஷ்டஈடு கொடுக்க வைத்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் ஓஹையோவில், ஆன்லைன் தேர்வுக்கு முன் மாணவரின் படுக்கையறையைக் கேமராவில் சுற்றிக் காட்டச் சொன்னது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று ஒரு ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

படுக்கையறை என்று தனியாக ஒன்று இருப்பவர்களின் வழக்கு அது. எங்கள் வீட்டில் ஹால்தான் எல்லாம். அன்று என் முகம் தெரியவேண்டும் என்பதற்காக அம்மா 1 மணி நேரம் சமையல் பக்கத்திலேயே ஒண்டிக் கிடந்தார், குக்கர் வைக்காமல், இருமல் வந்தால் முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு. கொடியில் கிடந்த துணியெல்லாம் கட்டிலுக்கடியில் போனது. தங்கச்சி மொட்டை மாடி வெயிலில் உட்கார்ந்திருந்தாள். கேமரா வேலை செய்திருந்தால் அவர்கள் பார்த்திருக்கப்போவது என் முகமும் பின்னால் ஒரு வெள்ளைச் சுவரும் மட்டும்தான். அந்தச் சுவரை உண்டாக்க மூன்று பேர் பட்ட பாட்டைக் காட்டும் கேமரா எவனிடமும் இல்லை.

இப்போதெல்லாம் விண்ணப்ப மெயிலின் கடைசியில் ஒரு வரி சேர்க்கிறேன்: "கேமரா பழுதானால் போனில் தொடரச் சம்மதமா என்று முன்கூட்டியே தெரிவிக்கவும்." திமிர் பிடித்தவன் என்று நினைக்கப்போகிறார்கள் என்று நண்பன் சொன்னான். நினைக்கட்டும். இரண்டு இடங்களிலிருந்து பதிலே வரவில்லை. மூன்றாவது இடத்திலிருந்து "ஓகே, நோ ப்ராப்ளம்" என்று வந்திருக்கிறது. வியாழக்கிழமை காலை 11 மணிக்கு. குக்கரை வழக்கம்போல வைக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.