‘அபூர்வ நாணயம்’னு வாங்கினேன்... அது காசே இல்லைங்க!

நாணயம் சேர்க்கிற என் தம்பியின் பிறந்தநாளுக்காக, ‘ஜப்பான் அபூர்வ நாணயம்’ ஒன்றை ஆன்லைனில் 450 ரூபாய்க்கு வாங்கினேன். பளபளவென்று வந்தது. அவன் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, இதுல வருஷமே போடலையே?” என்றான்.

அவன் சந்தேகம் சரிதான். அது ஜப்பானின் பச்சிஸ்லோ விளையாட்டுக் கடைகளில் பயன்படும் டோக்கன். அங்கே ‘மெடல்’ என்பார்கள்.

டோக்கன் எதற்கு?

பச்சிஸ்லோ என்பது ஸ்லாட் மெஷின். சுழலும் படங்களை பட்டனைத் தட்டி நாமே நிறுத்த வேண்டும். ஜெயித்தவருக்குக் கடைக்காரர் பணம் தருவதற்கு ஜப்பான் சட்டத்தில் தடை. அதனால் டோக்கனை வைத்துத்தான் ஆட்டம். ஒரு டோக்கன் 20 யென் என்பது பழைய வழக்கம். ஜெயித்த டோக்கன்களைக் கொடுத்தால் பரிசுப்பொருள் கிடைக்கும். அதைப் பக்கத்தில் இருக்கும் வேறொரு கடையில் விற்றுக் காசாக்கிக்கொள்வார்கள்!

சிறுவர்களும் போகும் கேம் சென்டர்களிலும் மெடல் உண்டு. ஆனால், அதற்குப் பரிசும் கிடையாது, பணமும் கிடையாது. விளையாட மட்டும்தான்.

கண்டுபிடிப்பது எப்படி?

1. இன்றைய ஜப்பான் நாணயத்தில் நாட்டின் பெயர், மதிப்பு, ஆண்டு மூன்றும் இருக்கும். டோக்கனில் இருக்காது. பெரும்பாலும் கடையின் பெயரோ சின்னமோதான் இருக்கும். 777 என்று இருந்தால் அது மதிப்பு அல்ல, அதிர்ஷ்ட எண்!

2. ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பச்சிஸ்லோ டோக்கனின் வழக்கமான குறுக்களவு 25 மி.மீ. 30 மி.மீ. வகையும் உண்டு. 100 யென் நாணயம் 22.6 மி.மீ., 500 யென் 26.5 மி.மீ.

3. காந்தத்தைக் காட்டுங்கள். இப்போது அச்சாகும் யென் நாணயம் எதுவும் ஒட்டாது. ஒட்டினால் சந்தேகப்படலாம். ஒட்டவில்லை என்பதற்காக நாணயம் என்று நம்பிவிடாதீர்கள்.

4. போன் கேமராவில் மொழிபெயர்ப்பு வசதியைத் திறந்து எழுத்தின்மேல் பிடியுங்கள். கடையின் பெயர் தெரிய வாய்ப்பு உண்டு.

எடுத்து வரலாமா?

கூடாது. டோக்கனைக் கடை நமக்கு விற்பதில்லை, விளையாட வாடகைக்குத் தருகிறது. ஜப்பான் போகிறவர்கள் ‘ஞாபகார்த்தமா ஒண்ணு’ என்று பாக்கெட்டில் போட்டால் அது திருட்டு. பழைய மெஷின்கள் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டபோது அவற்றோடு போன டோக்கன்களும் நிறைய. சேகரிப்பாளர்கள் அந்த வழியில் வந்தவற்றைத் தேடி வாங்கலாம். ‘அபூர்வம்’ என்று சொல்லி விற்றால் மட்டும் உஷார்!

இன்னொரு விஷயம். ஜப்பானில் 1995-ல் 18,000-க்கும் மேல் இருந்த இந்த விளையாட்டுக் கடைகள், இன்று 7,000-க்கும் குறைவு. 2022 நவம்பரில் டோக்கனே தேவைப்படாத ‘ஸ்மார்ட்’ மெஷின்களும் வந்துவிட்டன. கையில் பிடிக்கிற டோக்கனுக்கு இனி வேலை குறைவுதான்.

எங்கள் டோக்கனில் இருந்த பெயரை போனில் படித்து, மேப்பில் தேடினோம். ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று வந்தது. தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் அதைச் செருகி, கீழே கடையின் பெயரை எழுதிவைத்தான்.

450 ரூபாய் அதிகம்தான். ஆனால், இப்போது அவன் நண்பர்களுக்கு முதலில் காட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்!

உங்கள் வீட்டு நாணய டப்பாவில் வருஷம் இல்லாத ‘காசு’ ஏதாவது இருக்கிறதா? எடுத்துப் பாருங்களேன்!