இமயமலைப் பனிப்புயல்: முன்னெச்சரிக்கை இருந்தும் உயிர்கள் பறிபோவது ஏன்?

புது டெல்லி: உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில், பத்ரிநாத்துக்கும் மானா கிராமத்துக்கும் இடையே இருந்த எல்லைச் சாலைகள் அமைப்பின் தொழிலாளர் முகாம், 2025 பிப்ரவரி 28 அன்று அதிகாலை பனிச்சரிவில் புதைந்தது. சிக்கிய 54 தொழிலாளர்களில் 46 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். 8 பேர் உயிரிழந்தனர்.

ஆனால், இந்தப் பேரிடர் எச்சரிக்கையின்றி வந்ததல்ல. சண்டிகரில் உள்ள பாதுகாப்பு புவித் தகவலியல் ஆராய்ச்சி நிறுவனம், முந்தைய நாள் மாலையே 24 மணி நேரத்துக்கான பனிச்சரிவு எச்சரிக்கையை வெளியிட்டிருந்தது. சமோலி உள்ளிட்ட 5 மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேற்பட்ட பகுதிகள் அதில் இடம்பெற்றிருந்தன. முகாம் இருந்த இடமோ 3,000 மீட்டருக்கும் அதிக உயரம் கொண்டது. கணிப்பு சரியாக இருந்தும் உயிரிழப்பைத் தடுக்க முடியாதது ஏன் என்பதே இங்கு எழும் கேள்வி.

வருகை தெரியும், தாக்கும் இடம் தெரியாது

வட இந்தியாவின் குளிர்கால மழைக்கும் பனிப்பொழிவுக்கும் முதன்மைக் காரணம் 'மேற்கத்திய இடையூறு' எனப்படும் வானிலை அமைப்பு. மத்திய தரைக்கடல் பகுதியில் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இது இந்தியாவை அடைகிறது. பல நாட்கள் பயணிக்கும் அமைப்பு என்பதால், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இதன் வருகையைச் சில நாட்களுக்கு முன்பே கணித்துவிட முடிகிறது.

சிக்கல் அது மலையில் மோதும் இடத்தில் தொடங்குகிறது. பொதுவாக ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை குறைகிறது. எனவே கணிப்பில் ஒரு டிகிரி பிசகினாலும், மழை பனியாக மாறும் எல்லை ஏறக்குறைய 150 மீட்டர் மேலோ கீழோ நகர்ந்துவிடும். ஒரு கிராமத்தில் மழையும், அதற்கு மேலுள்ள கிராமத்தில் கடும் பனியும் பெய்ய இந்த வேறுபாடே போதுமானது.

நிலப்பரப்பைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்தே கணினி மாதிரிகள் கணக்கிடுகின்றன. 12 கிலோமீட்டர் அளவுள்ள ஒரே கட்டத்துக்குள், சுமார் 3,100 மீட்டர் உயரத்திலுள்ள பத்ரிநாத்தும், அதன் அருகே 6,500 மீட்டருக்கு மேல் எழும் நீலகண்ட சிகரமும் அடங்கிவிடக்கூடும். ரேடார் கதிர்களையும் மலைகள் மறைத்துவிடுகின்றன.

மேம்படும் கருவிகள்

இந்தக் குறைகளைக் களையும் முயற்சிகள் நடைபெற்று வருகின்றன. உத்தராகண்ட், இமாச்சலப் பிரதேசம், ஜம்மு காஷ்மீர், லடாக் ஆகிய பகுதிகளில் டாப்ளர் ரேடார்கள் நிறுவப்பட்டுள்ளன. ரூ.2,000 கோடி மதிப்பிலான 'மிஷன் மௌசம்' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம், 6 கிலோமீட்டர் துல்லியம் கொண்ட 'பாரத் முன்னறிவிப்பு அமைப்பு' பயன்பாட்டுக்கு வந்தது.

எனினும், பனிச்சரிவைக் கணிக்க இவை மட்டும் போதாது. சரிவின் கோணம், பழைய பனி அடுக்கின் பலவீனம், காற்று பனியைக் குவிக்கும் திசை ஆகியவையே எந்தச் சரிவு முதலில் உடையும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இவற்றை அறிய மலைமீதே அளவீடுகள் தேவை.

எச்சரிக்கை உத்தரவாக வேண்டும்

5 மாவட்டங்களின் உயரப் பகுதிகள் அனைத்துக்கும் பொதுவாக வெளியிடப்படும் எச்சரிக்கை, எந்த முகாமை இன்றிரவே காலி செய்ய வேண்டும் எனக் கூறுவதில்லை. அந்த முடிவை யார் எடுப்பது என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஒடிசா இதற்குச் சிறந்த முன்னுதாரணம். 1999-ல் வீசிய பெரும்புயலில் அங்கு சுமார் 10 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். 2013-ல் 'பைலின்' புயலின்போது ஏறக்குறைய 10 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டதால், உயிரிழப்பு சில பத்துகளுக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. இதில் கணிப்பின் துல்லியத்துக்கு இணையான பங்கு, எச்சரிக்கை வந்தவுடன் செயல்பட்ட நிர்வாக நடைமுறைக்கும் உண்டு.

மானா கிராம மக்கள் பனிக்காலம் தொடங்கும்போதே தாழ்வான ஊர்களுக்கு இடம்பெயர்ந்துவிடுவது வழக்கம். சாலையில் குவியும் பனியை அகற்றுவதற்காக அங்கேயே தங்கியிருந்தவர்கள், பீகார், உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள்தான். எச்சரிக்கையின் நிறம் ஆரஞ்சுக்கோ சிவப்புக்கோ மாறும்போது, இத்தகைய முகாம்கள் எத்தனை மணி நேரத்துக்குள், யாருடைய உத்தரவின் பேரில், எங்கு மாற்றப்பட வேண்டும் என்பதை ஒவ்வொரு குளிர்காலத்துக்கு முன்பும் எழுத்தில் வகுப்பது அவசியம். முகாம் அமையும் இடத்துக்கு மேலுள்ள சரிவை ஆய்வு செய்வதும் அதில் அடங்க வேண்டும். இவ்விரண்டுக்கும் புதிய ரேடாரோ, அதிவேகக் கணினியோ தேவையில்லை.