கடலையும் கடமையும்

“கடலையும் பருப்பும் தின்றால் புரோஸ்டேட் புற்றுநோய் வளராது” என்ற பேச்சு இன்று படித்தவரிடையேயும் அடிபடுகின்றது. ஆண்களுக்கு மூத்திரப்பையின் கீழே அமைந்த சுரப்பியே புரோஸ்டேட். முதுமையில் அதிகம் தாக்கும் இந்நோய்க்கு எளிய மருந்து உண்டென்றால், அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த நம் முதியோருக்கு அதைவிட நற்செய்தி வேறில்லை. ஆனால், சாட்சியம் என்ன சொல்கின்றது?

அமெரிக்காவில், இந்நோய் தோன்றும்படி வளர்த்த எலிகளுக்கு அக்ரூட் பருப்பு கலந்த தீனி கொடுத்தனர். கட்டியின் வளர்ச்சி தளர்ந்தது. எனினும் எலிக்குச் சொன்ன தீர்ப்பு மனிதனைக் கட்டுப்படுத்தாது. அந்நாட்டிலேயே 47,299 ஆண்களை 26 ஆண்டுகள் கவனித்த ஆய்வொன்று 2016 இல் வெளிவந்தது. பருப்பு வகைகளை உண்டோருக்கு இந்நோய் குறைவாக வந்ததென்றோ, இந்நோயால் மரணம் குறைந்ததென்றோ அது காணவில்லை. ஆயினும், நோய் பரவுமுன் கண்டறியப்பட்டோருள், அதன்பின் வாரத்தில் ஐந்து முறையேனும் பருப்பு உண்டோரிடையே, எல்லாக் காரணங்களாலும் நேரும் மரணம் நூற்றுக்கு 34 பங்கு குறைந்திருந்தது.

ஆகவே, பருப்பு நல்லுணவு. மருந்தென்பதற்குச் சான்று போதாது. விலையேறிய அக்ரூட்டை நாடவேண்டியதுமில்லை. முல்லைத்தீவிலும் மொனறாகலையிலும் உழவர் விளைவிக்கும் கச்சானும் சத்துள்ளதே. மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணம் பிடித்ததை மட்டும் எறிந்துவிடுக; அந்நஞ்சு ஈரலில் புற்றுநோயை விளைவிக்கும்.

உயிர் காப்பது காலத்தே செய்யும் பரிசோதனை. இரவில் பலமுறை எழுவதும், சிறுநீர் தடைப்படுவதும், அதில் இரத்தம் காண்பதும் வைத்தியரிடம் சொல்லவேண்டியவை. வெட்கப்பட்டு மறைக்கத்தக்கவை அல்ல. அவை புற்றுநோயல்லாத வீக்கத்தாலும் வரலாம். புற்றுநோயோ தொடக்கத்தில் குறியின்றியும் இருக்கலாம். ஐம்பது கடந்தோர் இரத்தப் பரிசோதனை பற்றி வைத்தியரைக் கேட்பது நன்று.

ஆனால், லயத்து அறையில் வாழும் நாட்கூலித் தொழிலாளி எவ்வாறு கேட்பான்? கண்டிக்கோ மகரகமைக்கோ சென்றால் பஸ் செலவு ஒருபுறம், இழந்த கூலி மறுபுறம். அவனிடம் “பருப்பு தின்” என்று உபதேசிப்பது பரிகாசமாகும். தோட்டந்தோறும் அரசாங்க வைத்தியர் வரவேண்டும். பரிசோதனை நாளுக்குக் கூலி வழங்கவேண்டும். இவை சலுகைகளல்ல, உரிமைகள். தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் கூலியோடு இவற்றையும் முன்வைக்கட்டும்!