ஆறு நிமிஷம் நடந்து காட்டுங்கள்!

'எப்படி இருக்கீங்க?' என்று டாக்டர் கேட்கிறார். 'பரவாயில்லை டாக்டர், முன்னே மாதிரி மூச்சு வாங்கறதில்லை' என்கிறீர்கள். பொய்யில்லைதான். ஆனால் ஏன் வாங்கவில்லை? குன்னூர் மார்க்கெட்டுக்கு இறங்கிப் போய், பையைத் தூக்கிக்கொண்டு பெட்ஃபோர்டு வரை ஏறி வருவதை நீங்கள் எப்போதோ நிறுத்திவிட்டீர்கள். காய்கறி வாங்க இப்போது மருமகள் போகிறாள். மாடியில் இருந்த கட்டிலும் கீழே வந்தாயிற்று. ஏறாத மேட்டில் எப்படி மூச்சு வாங்கும்?

ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் வீட்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான். (பெயரைக் கேட்டு மிரளாதீர்கள். இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை; உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தை அனுப்ப முடியாமல் திணறுகிறது, அவ்வளவுதான்.) முடியாத வேலையை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வருவோம். நோய் முற்றுவது நமக்கே தெரியாது. டாக்டருக்கு எப்படித் தெரியும்?

'எக்கோ எடுத்தாச்சே!' என்பீர்கள். எடுக்க வேண்டியதுதான். ஆனால் படுத்திருக்கும்போது இதயம் எப்படிச் சுருங்குகிறது என்பதைத்தான் வழக்கமான எக்கோ காட்டும். பம்ப் அளவு 30 சதவீதம் உள்ள ஒருவர் சாவகாசமாக நடப்பார். 50 சதவீதம் உள்ள இன்னொருவர் நாலு படியில் உட்கார்ந்துவிடுவார். உங்களால் எவ்வளவு முடியும் என்பதைத் தனியாகத்தான் அளக்க வேண்டும்.

துல்லியமாக அளக்க, முகமூடி மாட்டி ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு, உடம்பு எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது என்று பார்ப்பார்கள். இதயமாற்று ஆபரேஷன் தேவையா என்று முடிவு செய்யவும் அது உதவும். எல்லா ஊரிலும் அந்த மெஷின் இருக்காது. எல்லோருக்கும் அது தேவையுமில்லை.

1985-ல் கனடா டாக்டர்கள் இதய நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த எளிய வழி ஒன்று உண்டு. ஆறு நிமிஷ நடை. 30 மீட்டர் சமதளம், ஒரு கடிகாரம், திரும்பும் இடத்துக்கு அடையாளம், களைத்தால் உட்கார ஒரு நாற்காலி. முடிந்த மட்டும் போய்ப் போய் வர வேண்டும். நடுவில் நின்று இளைப்பாறலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. முன்னும் பின்னும் நாடித்துடிப்பு, பி.பி., ஆக்சிஜன் அளவு குறிப்பார்கள். 300 மீட்டர்கூடத் தாண்டவில்லை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். மருந்துக்குப் பிறகு 30 மீட்டர் போல அதிகம் நடந்தால், நல்ல முன்னேற்றம்.

மலையில் 30 மீட்டர் சமதரைக்கு எங்கே போவது என்று சிரிக்காதீர்கள். ஆஸ்பத்திரி வராந்தா போதும். ஊட்டியில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. எஸ்டேட் ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட, டேப் வைத்து அளந்து இரண்டு கோடு போட என்ன செலவாகிவிடும்? கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறி இறங்கும் பெண்ணிடம் 'கனமான வேலை செய்யாதே' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவளுக்கு அது சம்பளம். எந்த வேலை முடியும், எது கூடாது என்று சொல்ல, கையில் ஒரு அளவு இருக்க வேண்டாமா?

ஒரு விஷயம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரை ஊர்களில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம். மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறையும். ஆகவே கோயம்புத்தூரில் நடந்த கணக்கையும் ஊட்டியில் நடந்த கணக்கையும் ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் கணக்கோடும் வேண்டாம். அதே வராந்தா, அதே செருப்பு, உங்களுடைய போன தடவைக் கணக்கு. அதோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

ஆனால் நீங்களாகவே வீட்டு மேட்டில் பரீட்சை வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாதத்துக்குள் மாரடைப்பு வந்தவர்கள், சும்மா இருக்கும்போதே நெஞ்சு வலிப்பவர்கள் நடக்கவே கூடாது. அடுத்த தடவை போகும்போது, 'என்னை ஆறு நிமிஷம் நடக்கவிட்டுப் பாருங்க டாக்டர்' என்று நீங்களே கேளுங்கள். எத்தனை மீட்டர் என்பதை ஆஸ்பத்திரிச் சீட்டில் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே, இந்த ஒரு வருஷத்தில் நீங்கள் விட்டுவிட்ட வேலைகள் என்னென்ன என்று மருமகளையே சொல்லச் சொல்லுங்கள்.