அழாமல் எழுதினால் பொய்யா?

சுயசரிதை எழுத வந்தவன் சமையலறை, படுக்கையறை எல்லாவற்றையும் திறந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அவன் எழுதியது பொய் என்று ஒரு கட்சி கிளம்பியிருக்கிறது. இவர்களுக்கு உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' உப்பில்லாப் பண்டமாம். அத்தனை பெரிய புத்தகத்தில் மனைவியைப் பற்றி இவ்வளவு சொற்பமாகவா எழுதுவது என்று கேட்கிறார்கள்.

அரியலூர், குன்னம், பெரம்பலூரை அடுத்த செங்கணம் அத்தியாயங்களை இவர்கள் படித்தார்களா? சங்கீத வித்துவானான தகப்பனார், பிள்ளையின் தமிழ்ப் படிப்புக்காகவும் ஜீவனத்துக்காகவும் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போகிறார். ஊரார் ஆதரவில்தான் அடுப்பு எரிகிறது. ஐயர் வறுமையை மறைக்கவில்லை, ஒப்பாரியும் வைக்கவில்லை. சடகோபையங்கார், சிதம்பரம் பிள்ளை, விருத்தாசல ரெட்டியார் என்று, பாடம் சொன்னவர்கள் பேரை நன்றியோடு சொல்லிக்கொண்டு போகிறார். தொண்டை அடைப்பது நமக்குத்தான்.

இத்தனைக்கும் 1940-இல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது அது. 84 வயதுக்காரர் வாராவாரம் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால் வாசகர்கள் வேண்டாமென்றா சொல்லியிருப்பார்கள்?

தன் துயரத்தை விற்க ஒருவனுக்கு உரிமை உண்டென்றே வைத்துக்கொள்வோம். கட்டியவளின் துயரத்தையும் சேர்த்து விற்க யார் அனுமதி கொடுத்தது? அந்த அம்மாளைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அதை அவரல்லவா சொல்ல வேண்டும்? அவரிடம் எந்தப் பத்திரிகையும் தொடர் கேட்டதாகத் தெரியவில்லை.