தேடின சொல்லைப் படிச்சுச் சிரிக்காதீங்க!



உங்களுக்கு ஒரு கேள்வி. நேற்று ராத்திரி நீங்க கூகுள்ல என்னென்ன தேடினீங்களோ, அதையெல்லாம் வரிசையா எழுதி, பேர், வகுப்போட இந்தப் பலகையில் ஒட்டச் சொன்னால் ஒட்டுவீங்களா? "நான் தப்பா ஒண்ணும் தேடலையே" என்று சொல்பவர்கள்கூட ஒரு நிமிஷம் யோசிப்பீங்க. தப்பே இல்லாத விஷயத்தையும் நமக்குள்ள வச்சுக்க நமக்கு உரிமை உண்டு. அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

முதல்ல சிரிப்பான பக்கம். 2000-க்குப் பிறகு தமிழில் நிறையப் பேர் வலைப்பூ தொடங்கினாங்க. கவிதை, சினிமா விமர்சனம், ஊர்க்கதை என்று எழுதினாங்க. எழுதினவங்களில் பலருக்கு ஒரு பழக்கம். இன்னிக்கு எத்தனை பேர் வந்தாங்க, எந்தச் சொல்லைத் தேடி நம்ம வாசலுக்கு வந்தாங்க என்று எட்டிப் பார்ப்பது. அது எப்படித் தெரியும்? கூகுளில் ஒரு சொல்லை அடிச்சால், மேலே இருக்கிற முகவரியிலும் அந்தச் சொல் போய் உட்கார்ந்துக்கும். முடிவுகளில் ஒன்றை அழுத்தினதும் பிரவுசர், "நான் இந்த முகவரியில் இருந்து வர்றேன்" என்று போகிற இடத்தில் சொல்லிட்டுத்தான் உள்ளே நுழையும். அதுக்கு ரெஃபரர் என்று பேர். 1996-ல் வந்த விதிமுறை ஆவணத்தில் அந்த இங்கிலீஷ் சொல்லில் ஒரு 'ஆர்' விட்டுப்போச்சு. இன்றைக்கும் அந்த ஸ்பெல்லிங் தப்போடத்தான் உலகம் பூரா ஓடுது. (நாம எழுதினா மட்டும் அரை மார்க் குறையுது!)

அப்போ தேடும் இயந்திரத்துக்குச் சொல் தெரியும், நினைப்பு தெரியாது. மாலை கட்டுவது எப்படி என்று ஒருத்தர் தேடினால், சாயங்கால மழையைப் பற்றிக் கவிதை எழுதினவர் பக்கத்தில் போய் நிற்பார். 'ஆறு' என்றால் நதியா, எண்ணா? 'ஆடி' என்றால் மாசமா, கண்ணாடியா, காரா? ல, ள, ழ தகராறு தனி. வாழைக்காய் வறுவல் செய்ய நினைச்சு 'வாளை' என்று அடிச்சால் மீன் வறுவல் வந்து நிற்கும். சைவக்காரங்க பாடு கஷ்டம்தான்.

"எதையெதைத் தேடி இங்க வந்திருக்காங்க பாருங்க" என்று பட்டியல் போட்டுச் சிரிப்பது அந்தக் காலத்தில் ஒரு வழக்கமா இருந்தது. அதைப் பெரிய குற்றம்னு நான் சொல்ல மாட்டேன். தேடினவர் பேர் படிக்கிறவங்களுக்குத் தெரியாதே.

ஆனா பேர் இல்லை என்பது எவ்வளவு லேசான பூட்டு என்று 2006 ஆகஸ்டில் தெரிஞ்சுபோச்சு. அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம், ஆராய்ச்சிக்கு உதவும் என்று சொல்லி, சுமார் 6,50,000 பேர் மூன்று மாசத்தில் தேடிய சுமார் 2 கோடி தேடல்களை யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம் என்று இணையத்தில் போட்டது. பேருக்குப் பதிலா ஆளுக்கு ஒரு எண் கொடுத்திருந்தாங்க, நம்ம ஹால் டிக்கெட் நம்பர் மாதிரி. அது போதும்னு நினைச்சாங்க. போதலை! ஒரே எண்ணுக்குக் கீழே ஒருத்தர் தேடின எல்லாமே வரிசையா இருந்தது. சொந்த ஊர்ப் பேர், தன் குடும்பப் பேர் உள்ளவங்க, கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கிற நாய், விரல் மரத்துப்போவது. இந்த வரிகளைக் கோத்துப் பார்த்த நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள், சில நாளிலேயே அது ஒரு வயசான அம்மா என்று கண்டுபிடிச்சு, அவங்ககிட்டயே பேசிட்டாங்க. நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் பட்டியலை எடுத்தது. அதுக்குள்ள நகல் எடுத்தவங்க எடுத்துட்டாங்க.

இதில் எனக்கு முக்கியமாப் படுவது வேற. அந்தம்மா தேடின வியாதிகளில் பல அவங்களுக்கு இல்லவே இல்லை. தோழிகளுக்கு உடம்பு சரியில்லைன்னா அவங்களுக்காகத் தேடிப் பார்த்துச் சொல்வது அந்தம்மா வழக்கம். பட்டியலை மட்டும் படிச்சவங்க, "ஐயோ பாவம், ஒரு ஆளுக்கு இத்தனை நோயா!" என்றுதானே நினைச்சிருப்பாங்க?

பெரிய பெரிய ஆட்களே இதில் ஏமாந்திருக்காங்க. காய்ச்சல் பற்றிய தேடல்களை எண்ணி, எந்த ஊரில் ஃப்ளூ பரவுது என்று சொல்லும் திட்டத்தை 2008-ல் கூகுள் தொடங்கியது. முதல்ல பொருந்தி வர்ற மாதிரிதான் இருந்தது. 2012-13 குளிர்காலத்தில், அமெரிக்க அரசு எடுத்த கணக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டிடுச்சு. செய்தியைப் பார்த்துப் பயந்து தேடினவங்களும் சேர்ந்திருக்கலாம் என்று அப்போது காரணம் சொன்னாங்க. 2015-ல் திட்டத்தையே நிறுத்திட்டாங்க.

கோடிக்கணக்கான தேடலை வச்சும் காய்ச்சல்காரங்களைச் சரியா எண்ண முடியலை. நாம மட்டும் ஒரே ஒரு வரியை வச்சு ஆளைக் கண்டுபிடிச்சிடறோம்!

போன மாசம் நம்ம லேப்ல நடந்தது பலருக்கும் தெரியும். யார், எந்த வகுப்புன்னு எழுத மாட்டேன். ஒரு கம்ப்யூட்டரில் ஹிஸ்டரியைத் திறந்து சத்தமாப் படிச்சாங்க. கிரிக்கெட் ஸ்கோர், படம் ரிலீஸ் தேதி, வேதியியல் விடைக்குறிப்பு என்று போய்க்கிட்டு இருந்த பட்டியலில், நடுவில் 'திக்குவாய் சரியாக என்ன செய்யணும்' என்று ஒரு வரி. படிச்சவங்க அதோட நிறுத்தலை, ரெண்டாம் தடவையும் படிச்சாங்க. மொத்த வகுப்பும் ஒரு பையன் பக்கம் திரும்பிச்சு. அந்தக் கம்ப்யூட்டரில் அன்னிக்குக் காலையில் இருந்து நாலு வகுப்பு உட்கார்ந்து எழுந்திருக்கு. தேடினது அவனா, அவன் நண்பனா, வீட்டில் இருக்கிற தம்பிக்காகத் தேடின வேற யாராவதா, இன்னிவரைக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேண்டாம். ஆனா அடுத்த வாரம் செய்யுள் ஒப்பிக்க அவன் முறை வந்தப்போ, "படிக்கலை ஐயா" என்று சொல்லிட்டு, பீரியட் முடியிற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தான். அந்தச் செய்யுள் அவனுக்கு மனப்பாடம். காலையில் மரத்தடியில் தனியாச் சொல்லிப் பார்த்துக்கிட்டு இருந்ததை நான் கேட்டேன்.

டீச்சர்கிட்ட கேட்க முடியாத கேள்வி இருக்கு, அம்மாகிட்ட கேட்க முடியாத கேள்வியும் இருக்கு. மாதவிலக்கு நாள் தள்ளிப்போனால் என்ன, அப்பா குடியை நிறுத்த என்ன வழி, மார்க் குறைஞ்சதை வீட்டில் எப்படிச் சொல்றது. ஒரு நாளைக்கு வரும் தேடல்களில் 15 சதவீதம் அதுவரைக்கும் யாருமே தேடாத புதுத் தேடல் என்று கூகுளே சொல்லுது. அவங்கவங்க கஷ்டத்தை அவங்கவங்க வார்த்தையில் எழுதறாங்க என்றுதான் எனக்குப் படுது. உயிரை விடுவது பற்றி யாராவது தேடினால் கூகுள் சிரிக்காது, உதவி எண்ணை மேலே காட்டும். (நம்ம நாட்டில் 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. காசு கிடையாது. எழுதி வச்சுக்கோங்க.) ஒரு மெஷினுக்கு இருக்கிற நாகரிகம் நமக்கு வேண்டாமா?

அந்த வலைப்பூ காலத்து வழக்கமும் மாறிப்போச்சு. கணக்கில் நுழைஞ்சு தேடுறவங்க சொற்களை 2011-ல் கூகுள் மறைக்கத் தொடங்கி, 2013-ல் எல்லாருக்கும் மறைச்சது. இப்போ இணையப் பக்கம் வச்சிருக்கிறவங்களுக்கு மொத்தக் கணக்குதான் கிடைக்கும். ரொம்பக் கொஞ்சம் பேர் தேடின சொல் அதில் வராது. அதுக்காக கூகுள் மறந்துடுச்சுன்னு அர்த்தம் இல்லை. அதுகிட்ட இருக்கு. அதுக்குத் தனியாச் சண்டை போடணும்.

"கண்காணிக்கலைன்னா பிள்ளைங்க கெட்டுப்போகும்" என்று பெரியவங்க சொல்வாங்க. சரிதான். கெட்ட தளங்களைத் தடுத்து வைக்கட்டும். லேப் பொறுப்பு ஆசிரியர் பார்க்கணும்னா பார்க்கட்டும், தனியாக் கூப்பிட்டுப் பேசட்டும். நான் எதிர்க்கலை. முப்பது பேர் முன்னாடி வாய்விட்டுப் படிக்கிறது கண்காணிப்பு இல்லை, வேடிக்கை.

அதுவரைக்கும் நாமே செய்யக்கூடியது ஒண்ணு: கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூணையும் சேர்த்து அழுத்தினால் ஹிஸ்டரியை அழிக்கிற பெட்டி திறக்கும். இன்காக்னிட்டோ ஜன்னலில் தேடினாலும் அந்தக் கம்ப்யூட்டரில் பதிவு நிற்காது. ஆனா இணைப்புக் கொடுக்கிறவங்களுக்கும், போய்ப் பார்த்த தளத்துக்கும் தெரியத்தான் செய்யும். யாருக்குமே தெரியாதுன்னு நம்பினவங்க 2020-ல் கூகுள் மேல வழக்குப் போட்டாங்க. சேர்த்து வச்ச பதிவுகளை அழிக்கிறோம் என்று 2024-ல் அந்த நிறுவனம் ஒத்துக்கிச்சு.

ஒவ்வொரு பீரியட் முடிஞ்சதும் லேப் கம்ப்யூட்டர்கள் ஹிஸ்டரியைத் தானே அழிக்கிற மாதிரி வைக்கணும், மத்தவங்க தேடினதைச் சத்தமாப் படிக்கக் கூடாது என்று லேப் விதிகளில் சேர்க்கணும். இந்த ரெண்டையும் கேட்டுத் தலைமையாசிரியர் ஐயாவுக்கு ஒரு மனு எழுதி வச்சிருக்கோம். எங்க வகுப்பில் ஜன்னல் ஓரம் இரண்டாவது பெஞ்சில் இருக்கு. கையெழுத்துப் போட நினைக்கிறவங்க வெள்ளிக்கிழமைக்குள்ள மதிய இடைவேளையில் வாங்க. யார் யார் போட்டாங்கன்னு சத்தமாப் படிக்க மாட்டோம்.

— 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி