தாதிப் பணியும் சடுகுடுக் களமும்

பாறசாலைக்கு அடுத்த சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவரும், இப்பொழுது கணவருடன் மும்பையில் வசிப்பவருமான அம்மையார் ஒருவர் தம் மகளைப் பற்றி நமக்கு எழுதியிருக்கிறார். மகள் ஊரில் பாட்டியாருடன் தங்கி, நான்காண்டு நர்ஸிங் பட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு பயில்கிறாள். பள்ளிப் பருவம் தொட்டே சடுகுடு ஆடுகிறவள். இன்று அதைக் கபடி என்கிறோம். எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் நடக்கும் பந்தயங்களில் அவளுக்கு ஓரளவு பெயரும் உண்டு. உத்தியோகத்தில் அமர்வதற்கு முன் இந்த ஆட்டத்தை விட்டுவிடும்படி சொல்லலாமா என்பது அம்மையாரின் கேள்வி. கையும் காலும் ஒடிந்தால் வேலை என்னாகும், கலியாணம் என்னாகும் என்ற அச்சமும் கடிதத்தில் மறைந்திருக்கிறது. கலியாணத்தைப் பற்றி நாம் இங்கே பேசப் போவதில்லை. வேலையைப் பற்றிப் பேசுவோம்.

விட்டுவிடச் சொல்ல வேண்டியதில்லை என்பதே நம் அபிப்பிராயம். எனினும், இரண்டையும் சேர்த்து நடத்துவது எளிது என்று நாம் பொய்யுரைக்க மாட்டோம். எங்கே கடினம் என்பதை அறிந்துகொண்டால் பாதி அச்சம் தீரும்.

முதலில், இப்படி இருவேறு பணிகளையும் சுமந்தவர்கள் உலகில் உண்டா என்று பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் டெய்ஸி பியர்ஸ் என்னும் பெண்மணி மெல்போர்ன் நகரின் பாக்ஸ் ஹில் மருத்துவமனையில் பேறுகாலத் தாதியாகப் பணியாற்றியவர். அந்நாட்டுக் கால்பந்து நம் ஊர்ப் பந்தாட்டம் போன்றதன்று. ஓடுகிறவரைப் பிடித்துத் தரையில் சாய்ப்பதே அதில் பாதி ஆட்டம். 2017-ல் மகளிருக்கென அகில நாட்டுப் போட்டித் தொடர் தொடங்கியபோது அவர் மெல்போர்ன் அணியின் தலைவியானார். அந்த முதலாண்டில் பெரும்பாலான வீராங்கனைகளுக்குக் கிடைத்த ஊதியம் சுமார் 8,500 டாலர் மட்டுமே. ஆட்டத்தை நம்பி அடுப்பெரிக்க இயலாது. ஆகவே அவர்களிற் பலர் வேறு வேலையும் பார்த்தனர். பியர்ஸ் 2019-ல் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயானார். பின்னர்க் களத்துக்குத் திரும்பி, 2022-ல் தம் அணி வாகை சூடியபோதும் அவரே தலைவியாக நின்றார்.

ஜப்பானில் அரிசா ட்சுபாட்டா என்பவர் தாதி; குத்துச்சண்டை வீராங்கனையுங்கூட. டோக்கியோ ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற அவர் எதிர்பார்த்திருந்த இறுதிச் சுற்று 2021-ல் ரத்தாகிவிட்டது. கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவமனையில் உழைத்தவருக்கு அதே நோய் களத்தின் கதவை அடைத்தது. இது நமக்கு மிகவும் வருத்தம் தந்த செய்தி.

அவ்வளவு தூரம் போவானேன்? பாறசாலையிலிருந்து களியக்காவிளையைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றால் நெய்யூர். அங்குள்ள மிஷன் மருத்துவமனையில் பல்லாண்டு அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் சோமர்வெல், 1922-ல் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவில் இருந்தவர். நெய்யூர்ப் பணியை ஏற்ற பிறகும் 1924-ல் மறுபடி அந்த மலைக்குப் போனார். பிராணவாயுக் கருவியின்றி 28,000 அடி அளவுக்கு ஏறினார். கத்தி பிடிக்கும் கையைப் பனியில் விறைக்கவிடலாமா என்று நம் முன்னோர் அவரைக் கடிந்ததாகத் தெரியவில்லை. இன்றும் அவரைப் பெருமையோடுதான் நினைவுகூர்கிறோம். டாக்டர் மலையேறினால் வீரம், தாதி சடுகுடு ஆடினால் விபரீதம் என்பது என்ன நியாயமோ!

இனிக் கடினம் எங்கே என்பதற்கு வருவோம். ஓட்டக்காரி விடியற்காலையிலோ நடுப்பகலிலோ தனியே ஓடிப் பழகலாம். சடுகுடு அப்படியன்று. பாடிச் செல்பவளை மடக்கிப் பிடிக்க எதிரே எழுவர் வேண்டும். அவர்கள் எல்லாரும் ஒரே மாலையில் கூட வேண்டும். கேரளத்து மருத்துவமனைகள் பலவற்றிலோ காலையில் ஆறு மணி நேரம், பிற்பகலில் ஆறு மணி நேரம், இரவில் பன்னிரண்டு மணி நேரம் என்று முறை மாறிமாறி வரும். இந்த வாரம் மாலை ஓய்ந்திருப்பவள் அடுத்த வாரம் அதே மாலையில் வார்டில் நிற்பாள். பெண்ணின் உடல் வலிமை போதாமையால் ஆட்டம் நிற்பதில்லை. பணி அட்டவணையால்தான் நிற்கிறது. ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் நமக்கு இது தினசரிக் காட்சி. திருவனந்தபுரத்தில் இரவுப் பணி முடித்துக் காலை வண்டியில் திரும்பும் நர்ஸ் பெண்கள் நெய்யாற்றின்கரை வருவதற்குள் உறங்கிவிடுகிறார்கள்; சிலர் இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிவிடுகிறார்கள். அந்த உறக்கத்தோடு களத்தில் இறங்கினால் முழங்கால் திரும்புவது நிச்சயம். இரவுப் பணி முடிந்த அன்று ஆட்டமில்லை என்பதை அந்தப் பெண் விரதம்போல் கைக்கொள்ள வேண்டும்.

நாம் இருக்கும் ரயில்வேயில் விளையாட்டு வீரர்களுக்கென்றே நியமனம் உண்டு. தேசியக் கபடிப் போட்டிகளில் ரயில்வே மகளிர் அணி பலமுறை வென்றதற்கு அதுவும் ஒரு காரணம். மத்திய அரசு ஊழியர் தேசியப் போட்டிகளில் பங்கேற்க ஆண்டுக்கு முப்பது நாள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்புக்கும் விதி இருக்கிறது. தனியார் மருத்துவமனைத் தாதிக்கு இவையெல்லாம் நிர்வாகத்தின் மனத்தைப் பொறுத்தவை. ஆகவே, அட்டவணை எழுதும் தலைமைத் தாதியாரிடம் பந்தயத் தேதிகளை மாதத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுவது உத்தமம். முதல் நாள் மாலையில் போய்க் கெஞ்சுவதால் பயனில்லை. நம் எல்லைப்புறத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: கேரளப் பக்கத்துப் பந்தயங்கள் ஓணத்தையும், தமிழ்ப் பக்கத்துப் பந்தயங்கள் பொங்கலையும் ஒட்டி வருகின்றன. எல்லாரும் விடுப்புக் கேட்கும் நாட்கள் அவையே. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்து, கிறிஸ்துமஸ் இரவையும் தோழிக்காகத் தான் ஏற்றுக்கொள்பவளுக்கு மற்றொரு பண்டிகையில் தோழிகள் கைகொடுப்பார்கள்.

உடலைப் பற்றிச் சில சொற்கள். வேடிக்கை என்னவென்றால், சடுகுடு நடுவரும் வார்டுத் தலைவியும் ஒன்றையே கேட்கிறார்கள்: நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், மோதிரமும் வளையலும் கூடாது! கையில் சிராய்ப்பு இருந்தால் நீர் புகாத கட்டுப் போட்டுத்தான் நோயாளியைத் தொட வேண்டும். ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி எல்லாத் தாதியருக்கும் அவசியம். அடிக்கடி தோல் உரியும் இவளுக்கோ இரட்டிப்பு அவசியம். தலையில் அடிபட்டு மயக்கமோ குமட்டலோ கண்டால் அன்று ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்ற விதி. மறுநாள் வார்டுக்கும் போகலாகாது என்பது நம் கருத்து. தலை சுற்றும்போது மருந்தின் அளவைக் கணக்கிட்டு ஊசியில் ஏற்றுபவள் தனக்கு மட்டுமா தீங்கு செய்கிறாள்? வெட்கப்பட்டு மறைக்காமல் மேலதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய அபாயம் முழங்காலின் உள்ளே குறுக்காக ஓடும் தசைநார் அறுபடுவதுதான். இது ஆடவரைவிடப் பெண்களுக்கே அதிகம் நேர்கிறது. அறுவைச் சிகிச்சை செய்தாலும் ஒன்பது மாதங்களுக்கு முன் களத்துக்குத் திரும்பலாகாது என்று மருத்துவர் பலர் கூறுகின்றனர். நோயாளியைத் தூக்கிப் புரட்டிப் படுக்க வைக்கும் வார்டு வேலைக்கும் சில மாதங்கள் காத்திருக்க வேண்டிவரும். அம்மையாரின் அச்சத்தில் நியாயம் இருக்குமானால் அது இங்கேதான். ஊதிய வரம்புக்குட்பட்டு ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்தவளுக்கு நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் எழுபது சதவீதம் கிடைக்கும். ஆனால் அது ஆண்டுக்கு 91 நாட்களுக்கே. அதற்குப் பிந்திய மாதங்களுக்குப் பெண்ணின் சேமிப்பிலோ வீட்டிலோ பணம் இருக்க வேண்டும். கல்விக்கடன் தவணை வேறு காத்துக்கொண்டிருக்கும். ஆகையால், முதற்சம்பளம் வந்த மாதத்திலிருந்தே அவள் பெயரில் தபால் நிலையத்தில் ஒரு தொடர் வைப்புக் கணக்குத் தொடங்கி, ஆறு மாதத் தவணையும் வீட்டுச் செலவும் சேரும் வரை அதில் கைவைக்காதிருக்கும்படி அம்மையாருக்கு எழுதியிருக்கிறோம். வேலைக்கான நேர்முகத்தில் சம்பளத்தைக் கேட்கும்போதே, இரவு முறை மாதத்தில் எத்தனை என்பதையும் ஈ.எஸ்.ஐ. உண்டா என்பதையும் கேட்டுவிடச் சொல்லியிருக்கிறோம்.